ஈர்ப்பின் கதை – 14: கொல்கத்தாவிலிருந்து நான்கு பக்கங்கள்

போன வாரம் 1939 செப்டம்பர் 1-ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாள், அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. எரிபொருள் தீர்ந்துபோன ஒரு பெரிய விண்மீன் தன் பாரம் தாங்காமல் உள்நோக்கிச் சரியும், அந்தச் சரிவு நிற்காது என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

கணக்கில் பிழை கிடையாது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட விண்மீன் அப்பழுக்கற்ற உருண்டை. அதற்குள் அழுத்தம் இல்லை. அது சுழலவும் இல்லை. வானத்தில் அப்படியொரு விண்மீனை யாரும் பார்த்ததில்லை.

அப்படியானால் அந்த முடிவில்லாச் சரிவு இயற்கையில் நிஜமாகவே நடப்பதா? கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்ட உருண்டையின் விளைவா?

இந்தக் கேள்விக்கு முதல் உருப்படியான பதில் பிரின்ஸ்டனிலிருந்தோ கேம்பிரிட்ஜிலிருந்தோ வரவில்லை. கொல்கத்தாவிலிருந்து வந்தது. எழுதியவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. டாக்டர் பட்டம் இல்லை. அவர் சம்பளம் வாங்கியதும் அந்த வேலைக்காக இல்லை.

*

தொடக்கத்தில் என்ன இருந்தது?

விண்மீனுக்கு எழுந்த அதே சந்தேகம் பேரண்டத்துக்கும் இருந்தது.

ரஷ்யாவின் ஃபிரீட்மன் 1922-லும், பெல்ஜியத்தின் பாதிரியார் லெமெய்த்ர் 1927-லும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து விரியும் பேரண்டத்தைக் கண்டெடுத்த கதையை முன்பே பார்த்தோம். 1929-இல் ஹபிள் தந்த தொலைநோக்கி அளவுகள் அதற்கு வலு சேர்த்தன. விரிகிறது என்றால், காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் சுருங்க வேண்டும். சுருங்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் குவிந்து, அடர்த்தி முடிவிலியாகிவிடும். சமன்பாடுகள் அங்கே கைவிரித்துவிடும். இதைத்தான் ஒருமைப் புள்ளி என்கிறோம்.

ஐன்ஸ்டைன் உட்படப் பலருக்கும் இதை ஏற்க மனம் வரவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஃபிரீட்மனின் பேரண்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் விரிவது. அவ்வளவு சீராக இருந்தால் பின்னோக்கி ஓட்டும்போது எல்லாத் துகளும் சொல்லிவைத்தாற்போல ஒரே புள்ளிக்குத்தான் வந்து சேரும். இம்மி பிசகினால்? துகள்கள் ஒன்றை ஒன்று உரசாமல் கடந்துபோய்விடலாம். சுருங்கிய பேரண்டம் ஒருமைப் புள்ளியைத் தொடாமலே மீண்டும் விரியத் தொடங்கியிருக்கலாம்.

இன்னொரு தலைவலியும் இருந்தது. ஹபிளின் அளவை வைத்துப் பேரண்டத்தின் வயதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை. பிள்ளைக்குத் தாயைவிட வயது அதிகம் என்றால் கணக்கில் எங்கோ கோளாறு. 1952-இல் வால்டர் பாடே விண்மீன் மண்டலங்களின் தொலைவை இரட்டிப்பாக்கியபோது நெருக்கடி கொஞ்சம் தளர்ந்தது, தீரவில்லை.

பேரண்டம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விரிகிறது என்ற நிபந்தனையைத் தளர்த்திவிட்டால் இரண்டு சிக்கலும் சேர்ந்தே தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அன்றைக்குப் பலரிடம் இருந்தது.

*

பாரிசாலிலிருந்து வந்த பையன்

அமல் குமார் ராய்சௌதுரி 1923 செப்டம்பர் 14-ஆம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் உள்ள பாரிசாலில் பிறந்தார். அப்பா சுரேஷ் சந்திரா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குடும்பம் கொல்கத்தாவுக்கு வந்தது. பையன் இந்துப் பள்ளியில் படித்து, பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்று, 1944-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தார்.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1943-இல் வங்கப் பஞ்சம், 1946-இல் கலவரம், 1947-இல் பிரிவினை. பிறந்த ஊர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அந்த நகரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் ஓர் இளைஞர் பேரண்டத்தின் தொடக்கத்தைப் பற்றி யோசிக்கிறார்.

1945-இல் அவர் ஆய்வு மாணவராகச் சேர்ந்த இடம் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான இடமில்லை அது. கணக்குத் துறை அதிகாரியாக கல்கத்தா போன சி.வி. ராமன், அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் ஆய்வு செய்த கூடம் அதுதான். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் ராமனோடு சேர்ந்து 1928-இல் ஒளிச்சிதறலை ஆராய்ந்ததும் அங்கேதான்.

ராய்சௌதுரிக்கு அந்தக் கூடம் அப்படி வாய்க்கவில்லை. எக்ஸ்-கதிர்ச் சோதனைகளில் நான்கு ஆண்டுகள் போயின. கருவிகளோடு மல்லுக்கட்டுவது அவருக்குக் கைவரவில்லை. சொல்லிக்கொள்ளும்படி ஒரு முடிவும் கிடைக்காமல் வெளியேறி, அசுதோஷ் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

ஆய்வு வாழ்க்கை அதோடு முடிந்தது என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். திருப்பம் அங்கேதான் வந்தது.

*

விதை முன்பே விழுந்திருந்தது

பொதுச் சார்பியலைப் பொறுத்தவரை கல்கத்தா வறண்ட பூமியாக இருந்ததில்லை. மேகநாத் சாஹாவும் சத்தியேந்திரநாத் போஸும் இளைஞர்களாக இருந்தபோதே ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1920-இல் பல்கலைக்கழகமே அதைப் புத்தகமாக வெளியிட்டது. பெர்லினில் மாக்ஸ் ஃபான் லாவேயிடம் படித்துவிட்டு வந்த நிகில் ரஞ்சன் சென், பயன்பாட்டுக் கணிதத் துறையில் சார்பியலைக் கற்பித்தார்.

இங்கே ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். பி. தத். தூசியாலான உருண்டை தன் ஈர்ப்பால் சரிவதைப் பற்றிய தீர்வை 1938-லேயே, ஓப்பன்ஹைமருக்கும் ஸ்னைடருக்கும் ஓராண்டு முன்னதாக, கல்கத்தாவிலிருந்து ஒரு ஜெர்மன் இதழில் வெளியிட்டவர் அவர். இளம் வயதிலேயே இறந்துபோனார். கருந்துளை வரலாற்றுப் புத்தகங்களில் அவர் பெயர் அடிக்குறிப்பில்கூட அரிதாகத்தான் தென்படுகிறது. இது பெரிய அநியாயம்.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ராய்சௌதுரி சார்பியலுக்கு வேண்டிய வடிவியலைக் கற்றார். நிகில் ரஞ்சன் சென்னின் ஊக்கம் அவருக்குக் கிடைத்தது. 1952-இல் பிசிக்கல் ரிவ்யூவில் அவருடைய முதல் பேரண்டவியல் கட்டுரை வந்தது. மறு ஆண்டு வந்த கட்டுரையில் நேராக ஐன்ஸ்டைனோடு மோதினார்.

பொருளை ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் நெருக்கிக் குவிக்க இயற்கை விடாது என்று 1939-இல் ஐன்ஸ்டைன் வாதாடியிருந்தார். அப்படித் தடை ஏதும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் குவிக்கலாம் என்பது ராய்சௌதுரியின் பதில். ஐன்ஸ்டைன் உயிரோடிருந்த காலம் அது. பின்னாளில் உலகம் வந்து சேர்ந்தது ராய்சௌதுரியின் பக்கத்துக்கு.

*

உலோகங்களைப் பார்

1952-இல் ராய்சௌதுரி பழைய ஆய்வுக் கழகத்துக்கே திரும்பினார், இந்த முறை ஆய்வு அலுவலர் பதவியில்.

ஈர்ப்பில் ஆர்வம் கொண்டவர் ஆய்வு நிறுவனத்தில் இடம் பெற்றுவிட்டார், இனி கவலையில்லை என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. உலோகங்களில் எலெக்ட்ரான்களின் அமைப்பைப் பற்றி ஆராயச் சொன்னார்கள். வேலையில் நீடிக்க வேண்டுமானால் அதைச் செய்தாக வேண்டும்.

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு உலகம் முழுவதும் பொதுச் சார்பியல் மதிப்பிழந்து கிடந்தது. அணுவும் திடப்பொருளும்தான் பணமும் பயனும் தரும் துறைகள். புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடு பேரண்டத்தின் தொடக்கத்துக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்கியது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் ஒரு மனிதன் எதற்காகப் பிறந்தானோ அதைச் செய்யவிடாமல் தடுப்பது எவ்வளவு பெரிய விரயம் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

அவர் இரண்டையும் செய்தார். சொன்ன வேலையாக உலோகங்களைப் பற்றியும் கட்டுரை எழுதினார். மிச்சப் பொழுதில் பேரண்டத்தைப் பார்த்தார். கூடப் பேச ஆள் இல்லை. வழிகாட்டி என்று யாரும் இல்லை.

அப்படிக் கிடைத்த பொழுதில் பிறந்ததுதான் அந்தச் சமன்பாடு.

*

தீர்க்காமலே கிடைத்த விடை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் பத்து. ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. அவற்றைத் தீர்ப்பதற்கு அன்று எல்லோரும் செய்த காரியம் ஒன்றுதான். உருண்டை என்று வைத்துக்கொள், எல்லாத் திசையும் ஒன்று என்று வைத்துக்கொள் என ஏதாவது ஒரு சீர்மையைப் புகுத்தி, சமன்பாட்டைச் சுருக்கி, பிறகு தீர்ப்பார்கள். அதனால்தான் எந்த விடை வந்தாலும் அது சீர்மையால் வந்ததோ என்ற சந்தேகம் கூடவே வந்தது.

ராய்சௌதுரி எந்தச் சீர்மையையும் புகுத்தவில்லை. சமன்பாடுகளை முழுதாகத் தீர்க்கவும் முயலவில்லை. அவர் கேட்டது ஒரு சின்னக் கேள்வி: பேரண்டத்தில் ஏதோ ஓரிடத்தில் உள்ள சிறு தூசித் திரளை எடுத்துக்கொள்வோம். அது தன் போக்கில் போகட்டும். அதன் பருமன் நேரத்தோடு எப்படி மாறும்?

கொழுக்கட்டைக்குப் பிடித்த மாவு உருண்டை ஒன்றைக் கையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று விஷயங்கள் நடக்கலாம். மொத்தமாகப் பெருக்கலாம் அல்லது சிறுக்கலாம். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் ஒடுங்கி உருமாறலாம். உள்ளங்கையில் சுழலலாம். தூசித் திரளுக்கும் இவ்வளவுதான்: விரிவு, உருமாற்றம், சுழற்சி.

விரிவின் வேகம் கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிப்பவை எவை? ராய்சௌதுரியின் சமன்பாடு அதை ஒரே வரியில் சொல்கிறது. பொருளின் அடர்த்தி விரிவைக் குறைக்கும். இது எதிர்பார்த்ததுதான், ஈர்ப்பின் வேலையே அது.

எதிர்பாராதது அடுத்த உறுப்பு. உருமாற்றமும் விரிவைக் குறைக்கவே செய்யும். அது சமன்பாட்டில் வர்க்கமாக வருகிறது. எந்தத் திசையில் நீண்டாலும், எந்தத் திசையில் ஒடுங்கினாலும் வர்க்கம் எப்போதும் நேர்ம எண்தான். ஆகவே அது எப்போதும் ஈர்ப்போடுதான் கூட்டுச் சேரும்.

இதன் பொருள் என்ன? பேரண்டம் திசைக்குத் திசை வேறுபட்டு விரிந்தால் ஒருமைப் புள்ளியிலிருந்து தப்பிக்கலாம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்களே, அந்த நம்பிக்கை தவிடுபொடியானது. சீர்மை குலைந்தால் சரிவு தாமதமாவதில்லை, விரைவாகிறது. பின்னோக்கி ஓட்டினால் ஒருமைப் புள்ளி இன்னும் அருகில் வந்துவிடுகிறது. பேரண்டத்தின் வயது இன்னும் குறைந்துவிடுகிறது. பாறைகளின் வயதுச் சிக்கல் தீராதது மட்டுமில்லை, முற்றுகிறது.

இத்தனைக்கும் அவர் ஒரு முழுத் தீர்வைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய மேதைமை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மற்றவர்கள் குறிப்பிட்ட ஒரு பேரண்டத்தை எடுத்து அதன் கதி என்ன என்று கேட்டார்கள். அவர் எந்தப் பேரண்டமானாலும் பொருந்தும் ஓர் உறவைக் கண்டெடுத்தார்.

மூன்றாவது உறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. சுழற்சி. அதுவும் வர்க்கமாகத்தான் வருகிறது. ஆனால் குறி எதிர். சுழற்சி மட்டும் சரிவை எதிர்த்து நிற்கிறது.

இந்த ஒரு குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

1955, மே 15

'சார்பியல் பேரண்டவியல்–1' என்ற தலைப்பில் பிசிக்கல் ரிவ்யூவின் 1955 மே 15 இதழில் கட்டுரை வந்தது. நான்கே பக்கங்கள். ஐன்ஸ்டைன் அதைப் பார்க்க இல்லை. ஏப்ரல் 18-ஆம் தேதி பிரின்ஸ்டனில் காலமாகியிருந்தார்.

கொல்கத்தாவில் ஒன்றும் நடக்கவில்லை. விழா இல்லை, பதவி உயர்வு இல்லை. மறுநாளும் உலோகங்கள்தான்.

குரல் வந்தது ஹாம்பர்க்கிலிருந்து. அங்கே ஓட்டோ ஹெக்மன், எங்கல்பெர்ட் ஷூக்கிங் இருவரும் சுழலும் பேரண்டங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். குவாண்டம் இயற்பியலின் மூலவர்களில் ஒருவரான பாஸ்குவால் ஜோர்டனைச் சுற்றி ஓர் இளைஞர் குழுவும் அங்கே உருவாகியிருந்தது. கல்கத்தாக்காரர் எழுதியது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் புரிந்துகொண்டவர்கள் இவர்கள். விரிவு, உருமாற்றம், சுழற்சி என்று இன்று பாடப்புத்தகங்களில் நாம் பார்க்கும் கச்சிதமான வடிவத்தை அந்தச் சமன்பாட்டுக்குக் கொடுத்ததில் அக்குழுவின் யூர்கன் ஏலர்ஸுக்குப் பெரும் பங்குண்டு.

தன் கட்டுரையை வெளிநாட்டில் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்கும் தைரியமே ராய்சௌதுரிக்கு வந்தது. தேர்வாளர்களில் ஒருவர் பிரின்ஸ்டனின் ஜான் வீலர். பின்னாளில் 'கருந்துளை' என்ற பெயரை உலகெங்கும் பரப்பியவர். அவர் ஆய்வேட்டைத் தனியாகப் பாராட்டி எழுதினார். 1960-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. சமன்பாடு அச்சேறி ஐந்து ஆண்டுகள் கழித்து!

1961-இல் தான் படித்த பிரசிடென்சி கல்லூரிக்கே பேராசிரியராகப் போனார். உலோகங்களிலிருந்து விடுதலை. அவருடைய வகுப்பறையிலிருந்து புறப்பட்ட மாணவர்களின் கதை தனி அத்தியாயம். இழைக் கோட்பாட்டில் உலகப் புகழ்பெற்ற அசோக் சென் அவர்களில் ஒருவர் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

*

மாஸ்கோ மறுக்கிறது

ராய்சௌதுரி தன் கட்டுரையில் சொன்னதை அளந்துதான் சொன்னார். சுழற்சியைச் சேர்க்காமல் சீர்மையை மட்டும் குலைத்துப் பயனில்லை என்பதுதான் அவர் முடிவு. சுழற்சியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆக, ஒரு கதவு திறந்தே இருந்தது. நிஜப் பேரண்டத்தில் எல்லாம் சுழல்கின்றன. பூமி சுழல்கிறது, சூரியன் சுழல்கிறது, பால்வெளி மண்டலமே சுழல்கிறது. சரியும் விண்மீனும் சுழன்றுகொண்டேதான் சரியும். சிறுக்கச் சிறுக்கச் சுழற்சி வேகமெடுக்கும். கடைசி நொடியில் அது விண்மீனைக் காப்பாற்றிவிடாதா?

அந்தக் கதவின் வழியே நுழைந்தவர்கள் மாஸ்கோவில் லிஃப்ஷிட்ஸும் கலத்னிகோவும். இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், இதே உறவைத் தனி வழியில் கண்டவர் அவர்களுடைய ஆசான் லெவ் லாண்டாவ். அதனால் இதை லாண்டாவ்–ராய்சௌதுரி சமன்பாடு என்று சொல்வதும் உண்டு. ஆனால் சீடர்கள் 1960-களின் தொடக்கத்தில் நீண்ட கணக்கு ஒன்றைப் போட்டு, எந்தச் சிறப்பு நிபந்தனையும் இல்லாத பொதுவான பேரண்டத்தில் ஒருமைப் புள்ளி வராது என்று அறிவித்துவிட்டார்கள்.

சோவியத் இயற்பியலின் உச்சத்திலிருந்து வந்த முடிவு அது. எதிர்த்துப் பேச ஆதாரம் வேண்டும். யாரிடமும் இல்லை.

ராய்சௌதுரியின் சமன்பாடு அங்கேயே மூச்சடைத்து நின்றுவிட்டதா?

1964 இலையுதிர் காலம். லண்டனில் ரோஜர் பென்ரோஸ் என்ற கணித வல்லுநர் நண்பர் ஐவர் ராபின்சனோடு பேசிக்கொண்டே நடந்தார். சாலையைக் கடக்கும்போது பேச்சு ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் அவர் மனதில் ஓர் எண்ணம் வந்துபோனது. சாலையைக் கடந்ததும் பேச்சு தொடர்ந்தது, எண்ணம் மறந்துவிட்டது. அன்று மாலை அவர் அதைத் தேடிப் பிடித்தார்.

ராய்சௌதுரி பின்தொடர்ந்தது தூசித் திரளை. தூசி சுழலும், சுழற்சிதான் முட்டுக்கட்டை. தூசியை விட்டுவிட்டு, ஒரு மூடிய பரப்பிலிருந்து நேர்க்குத்தாகப் புறப்படும் ஒளிக்கதிர்களை அதே சமன்பாட்டோடு பின்தொடர்ந்தால், சுழற்சி என்ற உறுப்பு என்ன ஆகும்?

சமன்பாட்டின் அந்த எதிர்க்குறியை மீண்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். விடையோடு அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)